தொலேதோவுக்கு நாலு மாடி

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கஸ்பார் தன் தரைத்தள வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. அவர் மனைவி பிலோமினா ஒருநாள் ஸ்பெயினிலுள்ள தொலேதோவுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"மூணு நாளுங்க. பழைய ஊரு. மொத்தமும் குன்று மேல இருக்கு."

"நீ போயிட்டு வா. எனக்கு இந்த நாற்காலி போதும்."

பிலோமினா சாக்கட்டியால் கட்டடத்தின் மாடிப்படிகளில் அந்த ஊரின் இடங்களை எழுதினாள். முதல் மாடியில் பழைய பாலம், இரண்டாவதில் கோட்டை வாசல், மூன்றாவதில் பெரிய மாதா கோயில், மொட்டை மாடியில் ஊரைப் பார்க்கும் இடம்.

முதல் வாரம் கஸ்பார் பாலம் வரைக்கும்தான் போனார். கைப்பிடியைப் பிடித்தபடி மனைவியைத் திட்டினார். பிறகு மாடிவீட்டுக்காரர்களே விசாரிக்கத் தொடங்கினார்கள்.

"அண்ணாச்சி, எங்க நிக்கீங்க?"

"கோட்டை வாசல்ல. உள்ள விடமாட்டேங்கான்."

நாற்பதாவது நாள் அவர் மொட்டை மாடிக் கதவைத் தள்ளித் திறந்தார். தூத்துக்குடி முழுவதும் தெரிந்தது, அதற்கப்பால் கடலும். மூச்சு வாங்க நின்று பார்த்தவர், தண்ணீர்த்தொட்டிக்குப் போகும் இரும்பு ஏணியைக் காட்டினார்.

"பிலோ, அது எந்த இடம்?"

"அதை நான் சேர்க்கலீங்க."

"சேர்த்துக்க" என்று முதல் கம்பியில் காலை வைத்தார். பிலோமினா சிரிப்பை அடக்கமுடியாமல் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.