எட்டு மணங்குப் பின்சீட்டு

"இன்னும் ரெண்டு புடி பஞ்சு வச்சுத் தைக்கச் சொல்லுடா. பெங்களூரு வரிக்கும் ஒக்காந்துகினு போவணும். இடுப்பு இன்னாத்துக்கு ஆவும்?"

பத்தடி தள்ளி நின்று, கைத்தடியால் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டைக் கன்னியப்பனுக்குக் காட்டினார் ஜம்புலிங்கம்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த வடிவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் இடுப்பைப் பற்றி அவர் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை.

பெங்களூரில் அவளைப் பெற்றவள் படுத்த படுக்கையாகி மூன்று மாசம். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள். ஆவடியில் காலையில் ரயில் ஏறினால் ராத்திரிக்குள் போய்விடலாம்தான். கேட்டதற்கு ஜம்புலிங்கம் வீடு அதிரக் கத்தினார்.

"ரயில்ல எவனெவனோ தோளோட தோள் இடிச்சுகினு ஒக்காருவான். எங்கூட்டுப் பொம்பள அதுல ஏறுனா, நான் சபையில எப்பிடிடி தலை காட்றது?"

சபை என்பது ஆசாரம் காக்கும் சபை. முத்தாபுதுப்பேட்டைக் கிளைக்கு அவர்தான் தலைவர். உறுப்பினர்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் அவருடைய தம்பிகள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் சபையின் மகாநாடு. தீண்டினால் கெடும் தருமத்தைப் பற்றி இவர் ஒரு மணி நேரம் பேசப் போகிறார். அதுவரைக்கும் எவன் மேலும் படாமல் போய்ச் சேரவேண்டும் என்றுதான், பட்டணத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது விற்ற மோட்டார் சைக்கிளை வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அம்மாவப் பாக்க நானும் வரட்டுமா?" என்று வடிவு கேட்டதற்கு, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அவரிடமிருந்து இவ்வளவு வந்ததே பெரிசு.

வண்டியைச் சரிபண்ண சேரிக் கன்னியப்பன் வந்தான். வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய், பஸ்ரா மணலில் நாலு வருஷம் மோட்டார் சைக்கிளோடு புரண்டவன். சுற்று வட்டாரத்தில் அந்த இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து மூடத் தெரிந்த ஒரே ஆள். அவன் வந்தால் தெருவோடு சரி. குடிக்கத் தண்ணீர் கேட்டால் கையேந்தி நிற்க வேண்டும், வடிவு உயரத்திலிருந்து ஊற்றுவாள்.

பகலெல்லாம் அவன் செயினைக் கழற்றி எண்ணெய் விடுவான். சாயங்காலம் அவன் போனதும், தீட்டுக் கழிய வண்டி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொல்லுவார் ஜம்புலிங்கம். மறுநாள் செயின் துருவேறிக் கிடக்கும்.

"தெனமும் எவனோ தண்ணி தெளிக்கிறான் எசமான். பயிரா வச்சுகீறீங்க?"

"நீ ஒன் வேலையப் பாருடா."

புது டியூப் போட்டான். முன்விளக்குக்குக் கார்பைட்டு போட்டுக் கொளுத்திப் பார்த்தான். இரண்டு டின் பெட்ரோலைப் பக்கவாட்டில் கட்டினான். பிறகு பின்சீட்டுக்கு அடியில் குனிந்தான்.

"பின்னால எத்தினி கனம் வரும் எசமான்? அதுக்குத் தக்கன ஸ்பிரிங்க இறுக்கணும்."

"எட்டு மணங்கு வச்சுக்கோ."

கன்னியப்பன் கதவுப் பக்கம் பார்த்தான். வடிவை நனைத்து நிறுத்தாலும் நாலு மணங்கு தேறாது. "அம்மாவா எட்டு மணங்கு?"

"சொன்னதச் செய்யிடா."

தன் அம்மாவுக்குக் கொண்டுபோகிற பெட்டி, படுக்கை, வேட்டி புடவை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று வடிவு நினைத்துக்கொண்டாள். இந்த மனுஷனைப் போய்க் கல்நெஞ்சன் என்றோமே என்று கொஞ்சம் வெட்கப்பட்டாள்கூட. கன்னியப்பன் எட்டு மணங்கு நெல் மூட்டையைப் பின்சீட்டில் கட்டி, ஆவடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும், தகரப் பெட்டியில் இருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, துணி மூட்டையோடு வடிவு வாசலுக்கு வந்தாள். தெருவே கூடி நின்றது. பழைய காக்கிச் சட்டையில் வந்திருந்த கன்னியப்பன், வண்டியை உதைத்துக் கிளப்பினான். கிளப்பியவன் இறங்கவில்லை.

ஜம்புலிங்கம் தூசிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஒரு காலைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டார்.

"இன்னாங்க, நீங்க ஓட்டலியா?"

"எனுக்கு எங்கடி ஓட்டத் தெரியும்?"

"அப்ப நானு?"

"ஒனுக்கு எங்க எடம் கீது? ஊட்டப் பாத்துகினு கெட."

கன்னியப்பனின் முதுகில் படாமல் இருக்க அவர் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வண்டி ஒரு முழம் துள்ளியது. தலைவர் அரை முழம் வழுக்கினார்.

"எசமான், ரெண்டு கையாலயும் என் இடுப்பச் சுத்திப் புடிச்சுக்குங்க. இல்லாங்காட்டி குமணன்சாவடியாண்ட உங்களப் பொறுக்கிகினுதான் போவணும்."

தெரு எட்டிப் பார்த்தது. ஜம்புலிங்கம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கன்னியப்பனின் இடுப்பை இரண்டு கையாலும் வளைத்துக் கட்டி, தொப்பையும் தாடையும் அவன் முதுகில் அழுந்த ஒட்டிக்கொண்டார்.

"இன்னாடி மொறைக்கிற?" என்றார் வடிவைப் பார்த்து. "பிரயாணத்துல தீட்டு கெடையாது. சாஸ்திரத்துலயே கீது."

வடிவு மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"அப்ப நானு ரயில்ல போய்க்கறேன்."