ஒரே தகட்டில் வெட்டியவை

முடியைவிட மெல்லிய அந்தப் பேட்டரியில் நியூட்ரான்களைப் பாய்ச்சினால், உள்ளே லித்தியம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைத் திரையில் வரைகோட்டின் ஒரு மேடு காட்டிவிடும். மின்சாரம் ஓடினால் மேடு நகரும். கம்பியைக் கழற்றினால் அப்படியே நிற்க வேண்டும்.

கழற்றிய பிறகும் அது முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தது. ஆய்வகத்தில் அதைச் சோதித்தவள் தலைகீழாக நின்றும் காரணம் பிடிபடவில்லை. அதே தகட்டில் வெட்டிய இன்னொரு துண்டு அவள் கணவனின் நெஞ்சுக்குள், இதயத்தை ஓட்டும் கருவியில் இருந்தது. தெரிந்த சரக்காக இருக்கட்டுமே என்று அவளேதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தாள்.

அசைவு நாடித்துடிப்பைப் போலவே இருந்தது. மேடு வேகமெடுக்கும்போதெல்லாம் அவனுக்கு போன் போட்டாள். "லிஃப்ட் ஓடல, மாடி ஏறினேன்" என்பான். இன்னொரு நாள், "பஸ்ஸைத் துரத்தினேன்" என்றான். நாளடைவில் அவள் போன் போடுவதை விட்டுவிட்டாள். திரையைப் பார்த்தாலே போதுமாயிருந்தது.

ஒரு மதியம் மேடு நின்றுவிட்டது. அவள் போனை எடுத்தாள்.

"சொல்லும்மா" என்றான் அவன்.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். வரும்போது பால் வாங்கிட்டு வரவா?"

மாலையில் பாலோடு வந்தான். சாப்பிட்டான். வழக்கம்போல டிவிக்கு முன்னால் தூங்கிப் போனான்.

மேடு இன்றுவரை அசையவில்லை. அவன் தினமும் வேலைக்குப் போய் வருகிறான். அவன் நெஞ்சில் தலை வைத்தே தூங்கிப் பழகியவள், இப்போது கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்த்துப் படுக்கிறாள்.

"என்மேல என்ன கோபம்?" என்று கேட்டு, அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறான்.

"தூக்கம் வருது" என்று அவள் கையை இழுத்துக்கொள்கிறாள்.