இரண்டாம் தாரத்தின் கையெழுத்து

இரண்டாம் தாரமாக வருவதற்கு முந்தின நாள் திலகவதி கையெழுத்துப் போட்ட முத்திரைத்தாளை, இருபத்தாறு வருஷம் கழித்து வக்கீலின் மேஜைமேல் விரித்து வைத்தார் அவள் கணவர் அருணகிரி. மூத்தவளின் இரண்டு மகன்கள் இருப்பதால் தனக்கென்று பிள்ளை பெற்றுக்கொள்ள மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. மடிப்புகள் கிழியக் கிழிய அவள்தான் செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தாள்.

"பெத்தவனைத் திரும்பிப் பாக்காத பசங்களுக்காக இது எதுக்கு சார்? ரத்து பண்ணிடுங்க."

வக்கீல் இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ரத்து பண்ண இதுல ஒண்ணுமில்லீங்க. இப்படி எழுதினா எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது. எழுதின அன்னைக்கே இது செல்லாது."

"நல்லதாப் போச்சு. அலைச்சல் மிச்சம்," என்றார் அருணகிரி.

வக்கீல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலகவதியைப் பார்த்தார். "உங்களுக்கு இப்ப என்ன வயசும்மா?"

"அம்பத்திரெண்டு."

வக்கீல் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தாளை அவளே எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு இன்னும்? கிழிச்சுப் போடு," என்றார் அருணகிரி படியிறங்கும்போது.

திரும்பும் வழியில் பஸ் சடாரென்று பிரேக் போட்டது. எல்லோரும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். திலகவதியின் நெற்றி கம்பியில் இடித்தது. அவளுடைய இரண்டு கைகளும் மடியிலிருந்த தாளின்மேல் இருந்தன.