அதே பெயரில் இன்னொருவர்

“சின்னையா வீரய்யாவா? உங்க வோட்டு காலையிலயே போட்டாச்சுங்களே ஐயா.”

பட்டியல் மேசையில் இருந்த பெண் சொன்னது வீரய்யாவுக்கு முதலில் விளங்கவே இல்லை.

ராகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலில், தூறலில் நெடுநேரம் நின்று, அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். கால் மரத்துப் போயிருந்தது. ஆனால் மனசு நன்றாக இருந்தது. வெளுத்த சட்டை போட்டு, அடையாள அட்டையை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு வோட்டுப் போட வருவதென்றால் அவருக்கு எப்போதும் திருநாள் மாதிரித்தான்.

“நா இப்பத்தாம்மா வர்றேன்.”

அந்தப் பெண் பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். அவர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தது.

பின்னால் யாரோ “கள்ள வோட்டா?” என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

வீரய்யாவுக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு கையையும் விரித்து மேசைமேல் வைத்தார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள். எந்த விரலிலும் மை இல்லை.

பொறுப்பதிகாரி எழுந்து வந்தார். நல்ல மாதிரியான மனிதர். வேறு சீட்டு ஒன்று தரலாம், ஆனால் அது பெட்டிக்குள் போகாது, தனியாக உறைக்குள்தான் போகும் என்றார்.

“எண்ணுவீங்களா?”

அதிகாரி உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். வீரய்யா அந்தச் சீட்டை வாங்கவில்லை.

பக்கத்து வீட்டு நாகலெட்சுமிதான் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“மேல் லயத்து வீரய்யாண்ணனும் சின்னையா மகன்தாங்க! கோட்ட மாத்திப் போட்டிருப்பீங்க.”

அது உண்மைதான். ஒரே தோட்டத்தில், ஒரே பெயரில், ஒரே பெயருள்ள அப்பாக்களுக்குப் பிறந்த இரண்டு பேர். தொழிலாளர் வீட்டு வரிசைகளில், கீழ் லயத்தில் ஒருவர், மேல் லயத்தில் ஒருவர்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை மேல் லயத்துக்காரர் குழாய் போட்டுத் தங்கள் பக்கம் இழுத்த நாளோடு அது நின்றுபோனது. கோயில் கமிட்டிக்கு ஒருவர் வந்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார்.

மேல் லயத்துக்காரர் நேரில் வந்து அட்டையைக் காட்டினால் திருத்தலாம் என்றார் அதிகாரி. நாகலெட்சுமி வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு, போன் பேச வெளியே ஓடினாள்.

வீரய்யா சுவரோரம் கிடந்த சின்னப் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்தார். நாலு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். மேல் லயத்துக்காரர் வரமாட்டார். வருவதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. தன்னை இப்படிக் கூப்பிட்டிருந்தால் தான் போயிருப்போமா என்று வீரய்யா நினைத்துப் பார்த்தார். போயிருக்கமாட்டோம் என்றுதான் பட்டது. அது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

மேல் லயத்துக்காரர் தலையைக்கூடத் துவட்டாமல், வீரய்யாவைப் பார்க்காமல், நேராக மேசைக்குப் போய் அட்டையை வைத்தார்.

“காலையில போட்டது நாந்தாங்க. இவங்கப்பா கவ்வாத்துச் சின்னையா, எங்கப்பா ஸ்டோர் சின்னையா. இவரு வோட்ட இவருக்குக் குடுத்துருங்க.”

எண்களை ஒத்துப் பார்த்தார்கள். கட்சி முகவர்களிடம் காட்டினார்கள். ஒரு முகவர் மட்டும் மேல் லயத்துக்காரரை முறைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கோடு இடம் மாறியது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வீரய்யாவின் சுண்டுவிரலில் மை தடவினாள்.

மட்டைத் தடுப்புக்குப் பின்னால் வீரய்யா வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். பிறகு சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

மேல் லயத்துக்காரர் தாழ்வாரத்தில் மழை விடக் காத்திருந்தார்.

“வாங்க, பிளேன்டி குடிப்போம்,” என்றார் வீரய்யா.

எதிரே அன்ஸார் நானாவின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார்கள். பால் சேர்க்காத சூடான பிளேன்டி. தொட்டுக்கொள்ள உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. மழையைப் பற்றிப் பேசினார்கள். பீலியைப் பற்றிக்கூடக் கொஞ்சம் பேசினார்கள்.

எழும்போது மேல் லயத்துக்காரர் சட்டைப் பைக்குள் கைவிட்டார். அன்ஸார் நானா பதறிப்போய்த் தடுத்தார்.

“நீங்க குடுக்காதீங்க! எலெக்‌ஷன் கேட்கிற ஆளு இன்னைக்கு ஒருத்தருக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தா கேஸ் ஆயிரும்.”

ஆமாம். அந்த வட்டாரத்தில் பிரதேச சபைக்குப் போட்டியிட்டவர்களில் மேல் லயத்துக்காரரும் ஒருவர். அவரைத் தோற்கடிக்கச் சொல்லி ஒரு மாதமாக லயம் லயமாக ஏறி இறங்கியவர் வீரய்யா.

தேத்தண்ணிக் காசை வீரய்யாவே கொடுத்தார். சிரித்துக்கொண்டே இருவரும் குறுக்குப் பாதையில் மேலே ஏறினார்கள்.

யாருக்குப் போட்டீர்கள் என்று மேல் லயத்துக்காரர் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் வீரய்யா சொல்லியிருப்பார்.