விடாத மூச்சு

துறைமுக வீதித் தையற்கடையில், திரைக்குப் பின்னால், சுகிர்தா வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்தபடி நிற்கிறாள். போன கலியாணத்தில் சல்வாரின் பக்கத் தையல் பிரிந்ததால், கடைசிவரை கதிரையை விட்டு எழும்பாமலே இருந்தவள். அவள் இடுப்பைச் சுற்றிய அளவு நாடாவைப் பிடித்தபடி தையல்காரி றிஷானா இன்னும் எண்ணைச் சொல்லாமல் காத்து நிற்கிறாள். அளவுகளை உரத்துச் சொல்வது றிஷானாவின் வழக்கம். வெளியே, அதைக் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறவளோடு, வாங்கு நிறைய உட்கார்ந்து காத்திருக்கும் பெண்கள். விசிறிக் காற்றில் திரை விலகி விலகி மூடுகிறது. துறைமுகத்தில் கப்பலொன்று நீளமாக ஊதுகிறது. “கெதியாச் சொல்லுங்கோவன்,” என்கிறாள் சுகிர்தா, பல்லைக் கடித்தபடி. “மூச்சை விடுங்கோ அக்கா. இந்த உடுப்போட நீங்கள் சாப்பிடவும் வேணும், சிரிக்கவும் வேணும்.” ஊதல் ஓயும்வரைதான் சுகிர்தாவால் மூச்சைப் பிடிக்க ஏலுகிறது. மூச்சு உடைந்து வெளியேற, றிஷானாவின் விரல்களுக்குள் நாடா மூன்று அங்குலம் வழுக்குகிறது. சுகிர்தா கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். எண் காதில் விழவில்லை. றிஷானா திரைக்கு வெளியே கையை நீட்டி, கொப்பியை வாங்கி, தானே எழுதுகிறாள்.