ஆர்டிஸுக்குப் பிடித்த தொட்டி

டுவேன் விரல் முட்டியால் குளியலறைச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தான்.

ஒவ்வொரு டைலும் கணீரென்றது. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் மொத்தென்று கேட்கும். தொண்ணூற்றெட்டு வருஷத்து வீட்டில் இப்படி ஒரு சுவரா என்று அந்தக் குழாய்க்காரனுக்கே ஆச்சரியம்.

வெர்னன் வாசலிலேயே நின்றார். எழுபத்தாறு வயது. மனைவி ஆர்டிஸ் போனபிறகு அவர் இந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. கீழே சமையலறையை ஒட்டிய சின்ன அறையில்தான் குளியல்.

மகள் கேரின் டுலூத்திலிருந்து பனியில் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தாள். எது போகும், எது இருக்கும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். தரைக்கடியில் ஓடும் ஈயக் குழாய்கள் போகும். ஒழுகும் ஜன்னல் போகும். சிங்கக்கால் வைத்த இரும்புத் தொட்டியும் பித்தளைக் குழாய்களும் பச்சை டைல்ஸும் அப்படியே இருக்கும்.

"தொட்டியத் தூக்கிட்டு, தரையோட தரையா ஒரு ஷவர் வச்சுட்டா என்ன?" என்றான் டுவேன். "அப்பாவுக்கும் சுளுவு. திரும்பத் தூக்கி வைக்காம எனக்கும் இடுப்பு மிஞ்சும்."

"வேணாம். அம்மாவுக்கு இந்தத் தொட்டின்னா உயிர். அப்பா எவ்வளவோ கெஞ்சியும் மாத்த ஒத்துக்கலையாம்."

வெர்னன் தரையைப் பார்த்தார்.

கெஞ்சியதும் உண்மை, ஒத்துக்கொள்ளாததும் உண்மை. ஆட்கள்தான் மாறிவிட்டார்கள்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து கெஞ்சியவள் ஆர்டிஸ். வீடு கட்டியபோது வந்த சாமான், ஒரு டைலில்கூட விரிசல் இல்லை, ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது என்று மறுத்தவர் அவர். வருஷத்துக்கு ஒரு நாள் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டம் இந்த வாசலில்தான் அதிக நேரம் நிற்கும். அன்றைக்கு மட்டும் அவர் டை கட்டிக்கொள்வார்.

போன வருஷம் அடக்கம் முடிந்து, சர்ச்சில் எல்லோரும் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒரு பெண்மணி கேட்டாள், அந்தத் தொட்டியை முன்பே மாற்றியிருக்கக் கூடாதா என்று.

"நான் சொல்லாமலா? அவ கேட்டாத்தானே?"

வாயில் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த கேரின் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விட்டுவிட மனம் வராமல், அவர் சொன்னதைத் திருத்தாமலே இருந்துவிட்டார். அன்றைக்கு மட்டுமல்ல, இந்த ஒரு வருஷமும்.

தட்டும் சத்தம் நின்றது.

"இங்க யாரோ கை வச்சிருக்காங்க."

தொட்டிக்கு மேலே, இடுப்பு உயரத்தில் டார்ச் அடித்தான் டுவேன். நகத்தால் சுரண்டினான். பச்சைக்கு அடியிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"நாலு ஓட்டை. கைப்பிடிக் கம்பி மாட்டியிருந்திருக்காங்க. அப்புறம் கழட்டி, அடைச்சு, மேல பெயிண்ட் தொட்டு வச்சிருக்காங்க. கெட்டிக்காரக் கை, கண்ணுக்கே தெரியல."

கேரின் கிட்டே வந்தாள். நான்கு இடத்தையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். நடுவிலிருந்த தூரத்தைச் சாண் வைத்துப் பார்த்தாள்.

டுவேன் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, வண்டியில் ஏதோ எடுக்க வேண்டும் என்று இறங்கிப் போனான்.

"யாருப்பா கழட்டினது?"

மாட்டியது யார் என்று அவள் கேட்கவில்லை.

நமக்கு முன்னால் இருந்தவர்கள் என்று சொல்லிவிடலாம். அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"நான்தான்," என்றார். "ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தேன். அந்த ரெண்டு நாள்ல ஆள வச்சு மாட்டிட்டா. வந்து பாக்குறேன், டைல்ஸ்ல ஓட்டை. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அன்னிக்கே கழட்டிட்டேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. பெயிண்ட் நிறம் சேருதான்னு நான் பாக்குறப்ப, விளக்கத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னா."

"எப்போ?"

"பிப்ரவரி கடைசியில."

ஆர்டிஸ் இந்தத் தொட்டியில் விழுந்தது மார்ச் ஒன்பதாம் தேதி.

கேரின் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"அந்தக் கம்பிய வாங்கி அனுப்பினது நான்தாம்ப்பா."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டியாச்சு, கெட்டியா இருக்கு, அதப் பிடிச்சுக்கிட்டுதான் தினமும் ஏறி இறங்குறேன்னு போன்ல சொன்னா. விழுறதுக்கு முந்தின நாள்கூடச் சொன்னா. நான் வந்து பாக்குறேன், சுவர்ல ஒண்ணுமே இல்ல. பெட்டியக்கூடப் பிரிக்காம எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கான்னு நெனச்சேன். பிடிவாதத்தாலயே செத்தான்னு நெனச்சேன்."

அவள் விரலில் அந்த வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கோபத்துல, அடக்கத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூட நான் அவ கல்லறைக்குப் போகலப்பா."