இடது ஓரத்துப் பாட்டில்

“அந்தப் பேக்கிங் பொம்பளைய வேற பெல்ட்டுக்கு மாத்துங்க சார். இல்லன்னா நான் கிளம்பறேன்.”

சூப்பர்வைசர் நிமிர்ந்தார். “என்னய்யா கழுகு, இப்பத்தான் பரீட்சையில தேறியிருக்கே. அதுக்குள்ள சண்டையா?”

கழுகு உட்காரவில்லை. கதவுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

பெல்ட்டில் வரும் பாட்டில்களில் விரிசல் கண்டுபிடிக்கிற வேலை. இருபது வருஷத்தில் கிடைத்த பட்டப்பெயர்தான் கழுகு. மூன்று மாதம் முன்பு மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது.

“கண்ணுல கோளாறு இல்ல. மூளையில வலது பக்கம் ஒரு இடம் அடிபட்டிருக்கு. அதனால இடது பக்கம் தேடணும்னே தோணாது. பழகினா சரியாகும்” என்றார் டாக்டர்.

வீட்டில் தட்டின் இடது பாதிச் சாப்பாடு அப்படியே கிடக்கும். மனைவி சத்தமில்லாமல் தட்டைத் திருப்பி வைப்பாள்.

ஒரு மாதம் பார்க்கலாம், தேறாவிட்டால் வீட்டுக்கு என்று கம்பெனி சொல்லியிருந்தது. கெடு இன்றோடு முடிந்தது; காலையில் வைத்த பரீட்சையில் தேறிவிட்டார்.

“நேத்து என் கண்ணாலேயே பார்த்தேன் சார். தண்ணி குடிக்கப் போற சாக்குல, நான் கழிச்சுப் போட்ட பாட்டிலை எடுத்துத் திரும்ப பெல்ட்டுல வைக்கிறா. அதுவும் இடது ஓரமாப் பார்த்து. அவ தம்பிக்கு என் சீட்டு மேல ஒரு கண்ணு.”

“அவகிட்டயே கேட்டியா?”

“கேட்டேனே. ‘என்னை எதுக்குப் பாக்கறே, பாட்டிலைப் பாருண்ணே’ங்கறா. கொழுப்பு.”

“என்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் வெச்சா.”

நடை நின்றது.

“அவ அப்பாவுக்கும் இதே மாதிரி வந்துச்சாம். பாவம்னு வீட்டுல எல்லாத்தையும் வலது பக்கமே நகர்த்திக் கொடுத்தாங்களாம். கடைசி வரைக்கும் மனுஷன் இடது பக்கம் திரும்பவே இல்லையாம்.”

“எங்கிட்ட சொல்லிட்டே செஞ்சிருக்கலாமே?”

“சொல்லிட்டா நீ காத்துக்கிட்டு இருப்பே, தானாத் தேட மாட்டேன்னு அவதான் சொன்னா. பாட்டில் அடியில சிவப்புப் புள்ளி வெச்சிருப்பா. நீ விட்டதை பேக்கிங்ல அவளே பொறுக்கிடுவா. முதல் நாள் இருபது வெச்சதுல பதினெட்டு அவ கைக்குத்தான் போச்சு.”

“நேத்து?”

“ஒண்ணுகூடப் போகலை.”

கழுகின் பார்வை தானாக மேசையின் இடது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு வேலை மனு. மேலே அவள் தம்பியின் படம்.

“அதுவா? நீ இன்னிக்குத் தோத்திருந்தா, நாளைக்கு அவன் உன் சீட்டுல உட்கார்ந்திருப்பான். அது அவளுக்கும் தெரியும்” என்றார் சூப்பர்வைசர்.